அண்ணாச்சி பதில்கள்: புது டி.வி.யில் முகம் ஏன் பொம்மை மாதிரி?

பொங்கல் தள்ளுபடி முடிந்த கையோடு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. மிக்ஸி, ஃபிரிட்ஜ் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன். மீதி எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: கடையில் பார்த்த படம் வீட்டில் இல்லை. சரி, இந்தத் தடவை அதை மட்டும் பேசுவோம்.

அண்ணாச்சி, 13 வருடம் உழைத்த 21 அங்குலப் பெட்டி டி.வி.யைக் கொடுத்துவிட்டு 43 அங்குல ஃபுல் எச்.டி. எல்.சி.டி. டி.வி. வாங்கினோம். கடையில் கண்ணைப் பறித்தது. வீட்டில் மாட்டினால் எல்லா முகத்திலும் ரோஸ் பவுடர் அப்பிய மாதிரி இருக்கிறது. பழைய சீரியல் கலங்கலாகத் தெரிகிறது. பழைய டி.வி.யே தேவலை என்கிறார் என் கணவர். ஏமாந்துவிட்டோமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருநெல்வேலி

ஏமாறவில்லை டீச்சர். ஆனால் சார் சொல்வதும் சரிதான், அவர் கண்ணில் கோளாறு இல்லை.

முதலில் ரோஸ் பவுடர். கடையில் நாற்பது டி.வி. வரிசையாக ஓடும், தலைக்கு மேல் பளீரென்று விளக்கு எரியும். அந்தக் கூட்டத்தில் நின்று கண்ணை இழுக்க வேண்டும் என்றே 'விவிட்', 'டைனமிக்' என்று ஒரு மோடு வைத்திருக்கிறார்கள். அதில் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) முழுசாக எரியும், கலர் தூக்கலாக இருக்கும், வெள்ளையில் நீலம் ஏறியிருக்கும். இந்த நீலத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே வித்தைதான். லேசாக நீலம் கலந்தால் வெள்ளை இன்னும் வெளுப்பாகத் தெரியும். சினிமாவும் டி.வி. நிகழ்ச்சியும் எடுக்கிறவர்கள் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு 6500 கெல்வின் (இந்த எண் ஏற ஏற வெள்ளையில் நீலம் ஏறும்). விவிட் மோடில் பல செட்கள் 10,000 கெல்வின் பக்கம் போய்விடும். நீலம் ஏறினால் மாநிறமான முகம் செத்துப்போகும். அதைச் சரிக்கட்ட சிவப்பைத் தூக்கி வைப்பார்கள். நீங்கள் பார்க்கிற பவுடர் அதுதான்.

ரிமோட்டை எடுத்து பிக்சர் மோடை 'மூவி' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். கலர் டெம்பரேச்சர் என்று இருக்கும் இடத்தில் 'வார்ம்' வையுங்கள். முதல் நாள் திரையில் மஞ்சள் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும், "இதென்ன அழுது வடிகிறது" என்று சார் சொல்வார். நாலு நாள் பொறுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் ஒரு தடவை விவிடைப் போட்டால் நீங்களே பதறிப்போய் மாற்றிவிடுவீர்கள்.

அடுத்தது கலங்கல். இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பழைய முறை டி.வி. ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். உங்கள் புது டி.வி.யில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. பழைய சீரியல் ஓடும்போது ஐந்து புள்ளிக்கு ஒரு புள்ளிதான் வெளியிலிருந்து வருகிறது, மீதி நாலையும் டி.வி. தானே ஊகித்துப் போட்டுக்கொள்கிறது. அது பொய்தான், ஆனால் கெட்ட எண்ணத்தில் சொன்ன பொய் இல்லை. 21 அங்குல டி.வி.யை ஆறடி தூரத்தில் இருந்து பார்த்தால் அந்த 576 வரியும் கண்ணுக்கு ஒட்டிப்போகும், அதனால் சுத்தமாகத் தெரிந்தது. இப்போது அதே படத்தை நாலு மடங்குக்குக் கிட்டப் பெரிய திரையில் விரித்துவிட்டு அதே ஆறடியில் அதே நாற்காலியைப் போட்டிருக்கிறீர்கள், இல்லையா? எச்.டி. சானலுக்கு 43 அங்குலத்தில் ஆறடி நல்ல தூரம். பழைய சீரியலுக்குப் பத்தடி தள்ளிப் போங்கள். ஹாலில் அவ்வளவு இடம் இல்லையென்றால் அந்த ஒரு சீரியலைக் கலங்கலாகவே பார்க்க வேண்டியதுதான், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். செட்-டாப் பாக்ஸிலிருந்து டி.வி.க்கு வருவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த வயரா? அப்படியானால் எச்.டி. பாக்ஸ் வைத்து, எச்.டி. சானலுக்குக் காசு கட்டினாலும் எச்.டி. படம் வராது. அந்த மஞ்சள் வயரில் எச்.டி. போகவே போகாது. மாட்ட வந்த பையன் பழைய வயரையே சொருகிவிட்டுப் போன வீடுகளை எண்ணினால் என் இரண்டு கை விரலும் போதாது. எச்.டி.எம்.ஐ. வயர் போட்டு, பாக்ஸின் மெனுவில் ரெசல்யூஷன் 1080 என்று இருக்கிறதா பாருங்கள்.

எச்.டி.எம்.ஐ. வயரில் தங்க முலாம் பூசியது 2,800 ரூபாய், படம் இன்னும் தெளிவாக வரும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– கோவில்பட்டி வாசகர்

வேண்டாம். அதில் போவது டிஜிட்டல் கணக்கு. ஒன்றரை மீட்டர் தூரத்துக்குச் சாதாரண வயரில் படம் முழுசாக வரும். வயரில் கோளாறு இருந்தால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளி புள்ளியாகப் பொரியும். மங்கலாகவோ வெளிறியோ வராது. மீதிப் பணத்துக்கு வீட்டில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்குங்கள். நீங்கள் கோவில்பட்டி, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

என் கேள்வி டி.வி. வாங்குவதற்கு முன்னால். கடையில் எல்லா டி.வி.யிலும் கம்பெனிக்காரர்கள் போடும் கிளி, பூ, பவழப்பாறை வீடியோதான் ஓடுகிறது. எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. எதை வைத்து நல்லது கெட்டது பிரிப்பது அண்ணாச்சி?
– இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர், திண்டுக்கல்

நல்ல கேள்வி தம்பி. பதில் நீளம், உட்கார்ந்து படியுங்கள்.

நான் தொழில் பழகியது 1984-இல், தூத்துக்குடியில். அப்போது எங்கள் ஊரில் டி.வி. என்றால் இலங்கை ரூபவாஹினி. சென்னையில் 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டது, ஆனால் அந்த அலை எங்களுக்கு எட்டாது. மொட்டை மாடியில் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்தால் கொழும்பு வரும். காற்றடித்தால் போய்விடும். கலர் செட்டைச் சரிசெய்ய நாங்கள் பின்பக்கம் உட்கார்ந்து திருக வேண்டும், படமோ முன்பக்கம் தெரியும். அதனால் எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, அதில் படத்தைப் பார்த்துக்கொண்டே திருகுவோம். என் முதலாளி சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கிளி என்ன பச்சை என்று உனக்குத் தெரியாது, மனுஷன் என்ன நிறம் என்று தெரியும். அதனால் முகத்தைப் பார்த்துத் திருகு.

பவழப்பாறை வீடியோ உங்களை ஏமாற்றுவதும் அங்கேதான். கடலுக்கடியில் இருக்கிற மீன் என்ன நீலம் என்று நமக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு அடர்த்தியாகக் காட்டினாலும் கண் ஒத்துக்கொள்ளும். அதனால் உங்களுக்குத் தெரிந்த பொருளை நீங்களே கொண்டு போங்கள். செல்போனைப் படுக்கையாகப் பிடித்து நாலைந்து சின்ன வீடியோ எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

என் பென் டிரைவில் இருப்பதைச் சொல்கிறேன். முதலாவது, உப்பளம். எங்கள் ஊரில் உப்பை அள்ளி அம்பாரமாகக் குவித்து, பனையோலை வேய்ந்து வைத்திருப்பார்கள். வேய்வதற்கு முன்னால், வெயில் ஏறிய பதினோரு மணிக்கு எடுத்தது. நல்ல டி.வி.யில் அம்பாரத்தின் வெயில்பட்ட பக்கமும் மண்வெட்டி இழுத்த கோடும் தனித்தனியாகத் தெரியும். கான்ட்ராஸ்டை (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை) ஏற்றி வைத்த டி.வி.யில் உப்பெல்லாம் ஒரே சுண்ணாம்பு. உங்களுக்கு உப்பளம் கிடைக்காது, வெள்ளை வேட்டி கட்டியவரை வெயிலில் நிற்க வைத்து எடுங்கள். வேட்டி மடிப்பு தெரிய வேண்டும்.

இரண்டாவது, என் மகள் பின்னல் போட்டு மல்லிகைச் சரம் வைத்த தலை, பின்னாலிருந்து எடுத்தது. கறுப்பு முடியில் இழை தெரிகிறதா, அதே சமயம் பூவில் இதழ் தெரிகிறதா? இதைவிடக் கடினமான பரீட்சை எனக்குத் தெரியாது. மட்டமான செட்டில் ஒன்று பின்னல் தார் ஊற்றிய மாதிரி ஆகும், அல்லது முடி சாம்பலாக வெளிறும்.

மூன்றாவது, சூரியன் உதிப்பதற்கு முன் எங்கள் கடற்கரை வானம். ஆரஞ்சு மெல்ல மெல்ல நீலமாகிற இடம். அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக நின்றால் அந்தப் பேனலுக்கோ (படம் காட்டும் திரைப்பலகை), உள்ளே இருக்கும் போர்டுக்கோ நிறத்தைப் பிரித்துக் காட்டும் திறமை போதவில்லை. (உங்கள் செல்போனிலேயே பட்டை தெரிந்தால் பழியை டி.வி. மேல் போடாதீர்கள், முதலில் அதைப் பாருங்கள்.)

நாலாவது, வானத்தை ஒட்டி நிற்கும் பனைமரம். ஓலையின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறதா? அப்படியென்றால் ஷார்ப்னஸ் அதிகம். ஷார்ப்னஸ் என்று பெயர்தானே தவிர, அதனால் புதிதாக ஒரு விவரமும் வராது. விளிம்புக்கு மை தீட்டும் வேலைதான் அது செய்கிறது. கோடு மறைகிற வரை குறையுங்கள். சில செட்களில் பூஜ்யத்தில்தான் மறையும், பயப்படாமல் வையுங்கள்.

கடைசியாக, உங்கள் அம்மாவின் முகம். ஜன்னல் ஓரமாக, மதிய வெளிச்சத்தில், பவுடர் போடாமல். கெஞ்சித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரரிடம் பென் டிரைவைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை: டி.வி. 'ஷாப் மோடு' என்பதில் இருந்தால் 'ஹோம் மோடு'க்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு சினிமா மோடு, வார்ம். பத்து டி.வி. பார்க்காதீர்கள். பட்ஜெட்டுக்குள் இரண்டைத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் போட்டுப் பாருங்கள். முகம் சுளிக்கிற கடைக்காரர் உண்டு, அவரிடம் வாங்காதீர்கள்.

வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், லட்சத்தில் எழுதியிருக்கும் டைனமிக் கான்ட்ராஸ்ட் எண்ணை. கறுப்புப் படம் வரும்போது பேக்லைட்டையே அணைத்துவிட்டு அளந்த கணக்கு அது. ஒரே படத்தில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து நிற்கும்போது என்ன என்பதுதான் நமக்கு வேண்டும், அதை மல்லிகைப் பூ சொல்லிவிடும்.

அண்ணாச்சி, நான் சமையல் வேலைக்கு நடுவே அடுப்படி வாசலில் நின்று டி.வி. பார்ப்பேன். நேரே சோபாவில் உட்கார்ந்தால் படம் நன்றாக இருக்கிறது, என் இடத்திலிருந்து பார்த்தால் வெளிறிப்போகிறது. சர்வீஸ்காரர் "அது அப்படித்தான்" என்கிறார்.
– இல்லத்தரசி, விருதுநகர்

அவர் சொன்னது உண்மைதான் தங்கச்சி, ஆனால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எல்.சி.டி. பேனலில் இரண்டு பெரிய சாதி உண்டு. வி.ஏ. பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் போனால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ். பேனலை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கணக்கில் சொன்னால் ஐ.பி.எஸ்.ஸின் கான்ட்ராஸ்ட் சுமார் ஆயிரத்துக்கு ஒன்று, வி.ஏ.யில் மூவாயிரத்துக்கு மேல். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நேரே உட்கார்ந்து சினிமா பார்ப்பவருக்கு வி.ஏ. நல்லது. கல்யாண வீடு மாதிரி எல்லாத் திசையிலும் ஆள் உட்காரும் ஹாலுக்கு ஐ.பி.எஸ்.

உங்கள் வீட்டில் வாங்கப் போனவர் அடுப்படியை நினைக்கவே இல்லை போலிருக்கிறது. இனி பேனலை மாற்ற முடியாது. சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால், திருப்பக்கூடிய கைவைத்த ஸ்டாண்ட் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கிற நேரத்தில் டி.வி. உங்கள் பக்கம் திரும்பட்டும், அவர்கள் சோபாவை நகர்த்திக்கொள்ளட்டும்.

கறுப்புக் காட்சி வரும்போது ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. மாற்றிக் கொடுப்பார்களா?
– தென்காசி வாசகர்

ஃபுல் எச்.டி. டி.வி.யில் 20,73,600 புள்ளி என்று மேலே சொன்னேன். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சன்னல். ஆக 62,20,800 சன்னல். ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு குட்டி டிரான்சிஸ்டர். அதில் ஒன்று மூடாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு புள்ளிக்காகப் பேனலை மாற்றித் தர பெரும்பாலான கம்பெனிகள் ஒப்புக்கொள்வதில்லை. எத்தனை புள்ளி போனால் மாற்றுவோம் என்பது வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பார்த்துவிட்டுப் புகார் கொடுங்கள். புது டி.வி. வாங்கப் போகிறவர்கள், மாட்ட வந்த ஆள் கிளம்புவதற்கு முன்பே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெறும் நிறப் படங்களைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அன்றைக்கே சொன்னால் சில கடைகள் மாற்றித் தரும்.

விரலால் அழுத்தித் தேய்த்தால் போகும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். ஒரு புள்ளி ஒன்பது ஆகும். இது எரிகிற சிவப்பு, ஆகவே உங்களுக்கு வந்திருப்பது நிஜக் கோளாறுதான். போன வருடம் ஒருவர் "பேனலில் மஞ்சள் புள்ளி" என்று என்னைச் சைக்கிளில் ஐந்து கிலோமீட்டர் அழைத்துப் போனார். ஆயுத பூஜைக்குத் திரையிலேயே வைத்த சந்தனப் பொட்டு. துடைத்தேன், போனது. டீ கொடுத்தார்கள்.

எல்.இ.டி. டி.வி. என்று சொல்லித்தான் விற்றார்கள். என் மருமகன் இது எல்.சி.டி.தான் என்று சண்டை போடுகிறார். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், மதுரை

இரண்டு பேரும். திரை எல்.சி.டி. அதற்குப் பின்னால் வெளிச்சம் கொடுக்க முன்பு மெல்லிய குழல் விளக்கு இருந்தது, இப்போது எல்.இ.டி. பல்பு. விளக்கின் பெயரை டி.வி.க்கு வைத்துவிட்டார்கள். ஓ.எல்.இ.டி. வேறு, அதில் புள்ளியே எரியும். மருமகனிடம் சண்டையை நிறுத்தச் சொல்லுங்கள்.

சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி இருக்கிறது. எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. கிரிக்கெட்டில் பந்துக்குச் சில சமயம் வால் முளைக்கிறது. என்ன கோளாறு?
– தனியார் பஸ் நடத்துநர், சங்கரன்கோவில்

சினிமா வினாடிக்கு 24 படம். டி.வி. பேனல் வினாடிக்கு 50, 60 தடவை மாற வல்லது. நடுவில் இடம் காலியாக இருக்கிறதே என்று, இரண்டு படத்துக்கு நடுவே டி.வி. தானாக ஒரு படத்தை வரைந்து செருகுகிறது. கம்பெனிக்கொரு பெயர் வைத்திருப்பார்கள், மெனுவில் 'மோஷன்' என்ற சொல் எங்கேயாவது வரும். அதை அணைத்துவிடுங்கள், சினிமா சினிமாவாகிவிடும்.

பந்து விஷயம் கொஞ்சம் சிக்கல். பேட்ஸ்மேன், பந்து, பின்னால் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் அசையும்போது நடுப் படத்தை வரைவதில் டி.வி. குழம்பிவிடும். ஒரு பந்து ஒன்றரைப் பந்தாகும். அணைத்துவிட்டால் வால் போகும், ஆனால் லேசான மங்கல் மிஞ்சும். அது எல்.சி.டி.யின் பிறவிக் குணம். பழைய பெட்டி டி.வி.யின் பிக்சர் டியூபில் ஒவ்வொரு வரியும் மின்னி உடனே அணைந்துவிடும். எல்.சி.டி. ஒரு படத்தை அடுத்த படம் வருகிற வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். பந்தைத் துரத்தும் கண் நகர்ந்துகொண்டே இருக்கும், படம் நின்றுகொண்டிருக்கும், அதனால் இழுபடுகிறது. கிரிக்கெட்டுக்கு மட்டும் மோஷனைக் குறைந்த அளவில் வைத்துப் பாருங்கள், எது உறுத்தவில்லையோ அதை வையுங்கள்.

கேமரா மைதானத்தைச் சுற்றும்போது புல்லின் மேல் நிலையாக அழுக்குப் பட்டை தெரிகிறதா என்றும் பாருங்கள். பேக்லைட் சீராகப் பரவாத பேனலை அந்தப் பச்சை காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கோர் எழுத்தின் ஓரம் திரைக்கு வெளியே வெட்டுப்படுகிறது என்றால் அது வேறு கதை. பிக்சர் டியூப் காலத்தில் ஓரம் கோணலாக இருக்கும் என்று கொஞ்சம் பெரிதாக்கி மறைத்தார்கள், அந்தப் பழக்கம் தேவையில்லாமல் இன்னும் தொடர்கிறது. பிக்சர் சைஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என்று எது இருந்தாலும் அதைப் போடுங்கள்.

ராத்திரிக் காட்சியில் ஒன்றுமே தெரியவில்லை, பிரைட்னஸை ஏற்றினால் எல்லாம் பனிமூட்டம் மாதிரி ஆகிறது. விளக்கை அணைத்தால் திரையின் நாலு மூலையிலும் டார்ச் அடித்தது போல வெளிச்சம் வேறு. செல்போனில் எடுத்த போட்டோவை இணைத்திருக்கிறேன்.
– நாகர்கோவில் வாசகர்

பெயரைப் பார்த்து ஏமாந்த ஆயிரத்தில் நீங்களும் ஒருவர். பல எல்.சி.டி. செட்களில் பிரைட்னஸ் என்பது வெளிச்சத்துக்கான திருகு இல்லை, கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கானது. வெளிச்சத்துக்கு 'பேக்லைட்' என்று தனியாக இருக்கும். கறுப்பு உடை போட்டவர் காட்சியில் நிறுத்திக்கொண்டு, உடையின் மடிப்பு மறைகிற வரை பிரைட்னஸைக் குறையுங்கள், மடிப்பு அரும்பாகத் தெரிகிற இடத்துக்கு ஏற்றி நிறுத்துங்கள். அப்புறம் பேக்லைட்டை அறைக்குத் தக்கபடி வையுங்கள். பகலுக்கு அதிகம், ராத்திரிக்குப் பாதிக்கும் கீழே. லேப்டாப்பை மாட்டிப் பார்க்கும்போது மட்டும் கறுப்பு வெளிறினால் எச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல் 'லிமிடெட்', 'ஃபுல்' என்பதை இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள்.

மூலை வெளிச்சம்: கறுப்பிலும் பேக்லைட் எரிந்துகொண்டேதான் இருக்கிறது, சட்டம் இறுக்கிப் பிடித்த இடங்களில் கசிகிறது. நீங்கள் அனுப்பிய போட்டோவை நம்ப முடியாது, இருட்டில் செல்போன் இருப்பதைவிடப் பல மடங்கு கூட்டிக் காட்டும். படம் ஓடும்போது உறுத்துகிறதா? உறுத்தினால் புகார் கொடுங்கள். வெறும் கறுப்பைப் போட்டு உற்றுப் பார்த்தால் மட்டும்தான் தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். டி.வி.க்குப் பின்னால் சுவரில் படுகிற மாதிரி ஒரு சின்ன வெள்ளை விளக்கு போட்டால் பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

அப்பாவுக்கு 71 வயது. போன மாதம் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து புது டி.வி. முழுக்க நீலமாக இருக்கிறது, மாற்று என்கிறார். எங்களுக்கு நன்றாகத்தான் தெரிகிறது. நீங்கள் சொன்னால் கேட்பார்.
– ஸ்ரீவைகுண்டம் வாசகி

அப்பா சொல்வது உண்மை அம்மா. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழங்காகிதம் மாதிரி பழுப்பேறி, நீலத்தை உள்ளே விடாது. மெல்ல நடப்பதால் நமக்குத் தெரியாது. அதை எடுத்துவிட்டுத் தெளிந்த லென்ஸ் வைத்ததும் இத்தனை வருட நீலமும் சேர்ந்து வந்து மோதும்.

எனக்கும் அதே வலது கண்தான், போன ஆனியில் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று வீட்டுச் சுவரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்குச் சுவர் மோரில் மஞ்சள் கலந்த மாதிரி, வலது கண்ணுக்குச் சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி. அடித்தது ஒரே வெள்ளைதான். நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் நிறம் திருகிக் கொடுத்த ஆள், எந்தக் கண்ணை நம்புவது என்று தெரியாமல் நின்றேன். அன்று ஒரு வீட்டில் கலர் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள், மகனை அனுப்பி வைத்தேன்.

அப்பாவையும் அதே மாதிரி சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரும் நீலம் என்றால் டி.வி. மேல் குற்றமில்லை. மோடு விவிடில் இருந்தால் வார்முக்கு மாற்றிவிடுங்கள், அதுவே பாதி உறுத்தலைக் குறைக்கும். மீதி சில வாரங்களில் கண்ணே பழகிக்கொள்ளும். அதுவரை ரிமோட் அவர் கையில் இருக்கட்டும்.